எரிந்த சுவரைக் கேட்டவள்

யாழ்ப்பாணப் பொது நூலகத்தைத் திருத்திக் கட்டி வெள்ளையடித்து நிறுத்திய படத்தை 2003இல் முதன்முதலாகப் பார்த்தபோது எனக்கு மகிழ்ச்சி வரவில்லை, கோபம் வந்தது. ஜேர்மனியின் டோர்ட்முண்டில் இருந்து அப்பாவுக்குத் தொலைபேசி எடுத்து, "எரிந்ததை எரிந்தபடியே விட்டிருக்க வேண்டும். இனி வந்து பார்க்கிறவர்கள் இங்கே ஒன்றுமே நடக்கவில்லை என்றல்லவா நினைப்பார்கள்?" என்று சத்தம் போட்டேன். அப்பா தமிழாசிரியர். ஒரு பேச்சுக்கு நாலு மறுபேச்சு வைத்திருப்பவர். அன்று மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. "உன் அட்டையில் காசு முடியப்போகிறது பிள்ளை, பிறகு பேசுவோம்" என்றார். அதற்குப் பிறகு இருபது ஆண்டுகளுக்கு மேல் நாங்கள் இருவரும் அதைப் பேசவேயில்லை.

என் கோபத்துக்கு ஒரு காரணம் இருந்தது. 1981இல் நூலகம் எரிந்த இரவில் எனக்கு இரண்டு வயது. முழுசாக நின்ற நூலகத்தை நான் பார்த்ததே இல்லை. நூலகத்துக்கு அருகே இராணுவம் இருந்த யாழ்ப்பாணக் கோட்டை 1990இல் விழுந்த பிறகு அப்பா என்னைச் சைக்கிளில் வைத்துக் கூட்டிச் சென்று காட்டியது, குண்டு துளைத்த, கூரையில்லாத, கரி படிந்த ஒரு கூடு. பதினோரு வயதில் நான் தொட்டுப் பார்த்த சுவர் அது. விரலில் கறுப்பு ஒட்டிக்கொண்டதை இன்னும் மறக்கவில்லை. அப்பா அறிந்த நூலகத்தில் தொண்ணூற்றேழாயிரம் நூல்களும் ஓலைச்சுவடிகளும் இருந்தன. நான் அறிந்த நூலகம் அந்தச் சுவர்தான். அதற்கு வெள்ளையடித்தபோது என் கண்முன்னே என் சாட்சியை அழித்தார்கள் என்றே நினைத்தேன்.

கடந்த கோடையில் மூன்று வாரம் பெல்ஜியத்திலும் பிரான்சிலும் சுற்றியபோது இந்தப் பழைய கோபம் என்னோடு கூடவே வந்தது. போன இடங்களை நான் வேண்டுமென்று தெரிவு செய்யவில்லை என்றுதான் கணவரிடம் சொன்னேன். அது உண்மையில்லை.

உருளும் வீடு

ஜேர்மனியில் வோன்மொபில் என்று சொல்லும் வாகனத்தைத்தான் வாடகைக்கு எடுத்தோம். சமையலடுப்பு, கழிப்பறை, நாலு பேருக்குப் படுக்கை, நூறு லீற்றர் தண்ணீர்த் தொட்டி எல்லாம் உள்ளே. அப்பா அதற்கு வைத்த பெயர் உருளும் வீடு. அம்மா காலமான பிறகு ஆறு ஆண்டுகளாக அவர் எங்களோடு இருக்கிறார். வயது எழுபத்தேழு. பஸ் சுற்றுலா அவருக்கு ஒத்துவராது. நாற்பது பேருக்காக வாகனம் காத்திருக்கும்போது கழிப்பறைக்குப் போக வெட்கப்படுவார்; ஓட்டல் காலையுணவில் அவருக்குச் சாப்பிட ஒன்றுமிருக்காது. உருளும் வீட்டில் காலையில் இடியப்பமும் சம்பலும் கிடைத்தன. மாலையில் கதிரையை வெளியே போட்டுத் தேத்தண்ணீர் குடித்தார். அவருக்கு அது போதும்.

ஆனால் அந்த வாகனத்தின் உண்மையான பலனை நான் கிளம்பும்போது எதிர்பார்க்கவில்லை. பஸ்ஸில் போகிறவர்கள் ஓர் இடத்தைப் பார்த்துவிட்டுப் போய்விடுகிறார்கள். நாங்கள் பார்த்த இடத்தின் அருகிலேயே அன்றிரவு படுத்தோம். ஐந்து மணிக்குக் கதவு பூட்டி எல்லோரும் போன பிறகு அந்த ஊர் என்ன செய்கிறது, எந்த வீட்டில் விளக்கு எரிகிறது, காலையில் பாண் வாங்க யார் வருகிறார்கள் என்பதெல்லாம் கண்ணில் படும். வரலாற்றுச் சின்னம் என்று நாம் போய்ப் பார்ப்பது யாரோ ஒருவரின் தெரு. அந்த எண்ணம் பகலில் வராது. சோற்றுப் பானையைக் கழுவிக்கொண்டு சன்னலால் பார்க்கும்போது வரும்.

சிரமங்களும் உண்டு. எங்கள் வாகனத்தின் உயரம் மூன்று மீற்றருக்குச் சற்றுக் குறைவு. பல நகரங்களில் வாகனத் தரிப்பிடத்தின் வாசலிலேயே இரண்டு மீற்றரில் இரும்புக் கம்பி தொங்கும். அதனால் பதினைந்து வயது மகனை முன் இருக்கையில் வைத்து, உயரப் பலகைகளை வாசித்துச் சொல்வதை அவன் வேலையாக்கினோம். மூன்று வாரத்தில் அவனுடைய கண் கூர்மையாகிவிட்டது. அந்தக் கண் கடைசியில் எங்களுக்கு வேறு விதத்தில் உதவியது.

யாருக்கு வேண்டும் இடிபாடு

முதல் நிறுத்தம் பெல்ஜியத்தின் மேற்கு ஓரத்தில் இருக்கும் ஈப்பர். முதல் உலகப் போரின் நாலு ஆண்டும் போர்முனைக்கு அருகிலேயே கிடந்து பீரங்கிக் குண்டு வாங்கிய ஊர். போர் முடிந்தபோது அங்கே முழுசாக நின்ற வீடு என்று சொல்ல ஏதுமில்லை. துணி வணிகத்துக்காக 13ஆம் நூற்றாண்டில் கட்டிய பெரிய மண்டபத்தின் கோபுரம் உடைந்த பல்லைப்போல நிற்கும் படங்களை இணையத்தில் பார்த்திருப்பீர்கள். இன்று போனால் சந்தைச் சதுக்கத்தில் அதே மண்டபம் கூரையோடும் கோபுரத்தோடும் நிற்கிறது. தெருக்கள் எல்லாம் படிக்கட்டு முகப்பு வைத்த பழைய பிளெமிய வீடுகள். பழைய வீடுகள் என்று சொல்வது பிழை; போருக்கு முன்னிருந்த சாயலில் 1920களில் கட்டிய வீடுகள் அவை. மண்டபத்தின் வேலை 1967இல்தான் முடிந்தது. கோபுரத்தின் கீழ்ப்பகுதியில் பழைய கற்கள் கொஞ்சம் எஞ்சியிருக்கின்றன. அவற்றைத் தேடி நானும் மகனும் சுவரோரமாக நடந்தோம்.

1919இல் வின்ஸ்டன் சர்ச்சில் இந்த ஊரைக் கட்டவே கூடாது என்று வாதாடினார். ஈப்பரின் இடிபாடு முழுவதையும் பிரித்தானியா வாங்கி அப்படியே வைத்திருக்க வேண்டும், பிரித்தானிய இனத்துக்கு இதைவிடப் புனிதமான இடம் உலகில் இல்லை என்பது அவர் நிலை. இலட்சக்கணக்கில் அவர்களுடைய பிள்ளைகள் இந்த ஊரைச் சுற்றிய சேற்றில் மடிந்தார்கள். அந்தத் துக்கம் பொய்யில்லை. ஆனால் அதே நேரம் ஊர்க்காரர்கள் திரும்பி வந்துகொண்டிருந்தார்கள். பலகைக் கொட்டில் போட்டு, கல் பொறுக்கி, கடை திறந்து, தங்கள் வீடு இருந்த இடத்திலேயே வீடு வேண்டும் என்றார்கள். ஊர்க்காரர்களின் விருப்பமே நடந்தது. பிரித்தானியருக்குக் கிடைத்தது கிழக்கு எல்லையில் ஒரு வாசல். 1927இல் திறந்த அந்த மெனின் வாசலில், உடல் கிடைக்காத ஐம்பத்து நாலாயிரத்துக்கு மேற்பட்ட படையினரின் பெயர்கள் வெட்டியிருக்கின்றன. இந்தியப் படையினரின் பெயர்களும் அவற்றில் உண்டு. ஒவ்வோர் இரவும் எட்டு மணிக்குப் போக்குவரத்தை நிறுத்தி, அந்த வளைவின் கீழ் ஊதுகொம்பு ஊதுகிறார்கள். 1928இல் தொடங்கியது, இரண்டாம் போரில் ஊர் ஜேர்மனியரின் பிடியில் இருந்த காலம் தவிர, இன்றுவரை நடக்கிறது.

நாங்களும் நின்று கேட்டோம். வாகனத்துக்குத் திரும்பும் வழியில் ஒரு வீட்டுப் பெண் மாடியில் துணி காயப் போட்டுக்கொண்டிருந்தார். சர்ச்சில் சொன்னதை ஊர் கேட்டிருந்தால் அந்தக் கொடி கட்ட அங்கே சுவர் இருந்திருக்காது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. 1919இல் சர்ச்சில் ஈப்பர் மக்களிடம் கேட்டதைத்தான் 2003இல் நான் யாழ்ப்பாணத்திடம் கேட்டேன். தொலைவில் இருந்துகொண்டு, என் துக்கத்துக்கு ஒரு சின்னம் வேண்டும், அதனால் நீங்கள் இடிபாட்டுக்குள் இருங்கள் என்று கேட்டிருக்கிறேன். அன்றிரவு நெடுநேரம் நித்திரை வரவில்லை. நான் சர்ச்சில் இல்லை, அது என் ஊர், அந்தச் சுவரின் கரி என் விரலில் ஒட்டியது என்று எனக்கு நானே மறுமொழி சொல்லிக்கொண்டு கிடந்தேன். ஊரில் நான் இருந்தது பதினாறு ஆண்டு. இங்கே இருப்பது முப்பது ஆண்டு. அந்தக் கணக்கும் கூடவே வந்தது.

அப்பாவிடம் சொல்லவில்லை. சொல்ல மனம் வரவில்லை.

ஒராதூரில் ஓர் இரவு

அங்கிருந்து தெற்கே அறுநூறு கிலோமீற்றருக்கு மேல். கட்டணச் சாலையைத் தவிர்த்து இரண்டு நாளில் போனோம். லிமோஜ் நகருக்கு அருகே இருக்கிறது ஒராதூர்-சுர்-கிளான். 1944 ஜூன் 10, ஒரு சனிக்கிழமை பிற்பகல், ஹிட்லரின் எஸ்.எஸ். படைப்பிரிவு ஒன்று இந்த ஊரைச் சுற்றி வளைத்தது. ஆண்களைக் களஞ்சியங்களிலும் கொட்டகைகளிலும் அடைத்துச் சுட்டது. பெண்களையும் குழந்தைகளையும் தேவாலயத்தில் பூட்டித் தீ வைத்தது. தேவாலயத்திலிருந்து உயிரோடு தப்பியவர் ஒரே ஒருவர், மார்கரித் ரூஃபான்ஷ் என்ற பெண். இறந்தவர்கள் 642 பேர் என்று நெடுங்காலம் சொன்னார்கள். அண்மையில் இன்னொரு பெண்ணின் பெயர் ஆவணங்களில் கிடைத்து, 643 ஆகியிருக்கிறது. எழுபத்தைந்து ஆண்டுக்குப் பிறகும் ஒருவரைத் தேடிச் சேர்த்திருக்கிறார்கள். எங்கள் ஊர்களில் இன்னும் எண்ணி முடியாத பட்டியல்களை நினைத்து, அந்த ஓர் எண்ணின் முன்னால் வெகுநேரம் நின்றேன்.

1945இல் பிரெஞ்சு அரசின் தலைவர் டி கோல் வந்து பார்த்தார். ஊரை அப்படியே விடுவது என்று முடிவாயிற்று. அதாவது நான் கேட்டதை இங்கே செய்திருக்கிறார்கள். தெரு இருக்கிறது, டிராம் தண்டவாளமும் மேலே கம்பியும் இருக்கின்றன, வீடுகளுக்குக் கூரை இல்லை. கூரையில்லாத அறைகளுக்குள் துருப்பிடித்த தையல் இயந்திரங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. எல்லா வீட்டிலும் ஒன்று இருந்திருக்கிறது, எங்கள் ஊரைப்போலவே. அம்மாவின் இயந்திரமும் அதே வளைவு, அதே கால்மிதி. 95இல் வீட்டை விட்டுக் கிளம்பிய இரவில் அதைத் தூக்க முடியாது என்று துணியால் மூடிவிட்டு வந்தார். அந்தத் தெருவில் நான் அழுதது அந்த இயந்திரத்தைப் பார்த்துத்தான். தேவாலயத்தில் அழ முடியவில்லை.

மகன் அன்று வித்தியாசமாக இருந்தான். என்னோடு எப்போதும் பாதி ஜேர்மன் மொழியில் பேசுகிறவன், வாசலைத் தாண்டியதும் தமிழுக்கு மாறிவிட்டான். உள்ளே ஜேர்மன் சொல் ஒன்றுகூட அவன் வாயிலிருந்து வரவில்லை. திரும்பி வந்தபோது தரிப்பிடத்தில் எங்கள் வாகனத்தின் டோர்ட்முண்ட் இலக்கத் தகட்டைப் பார்த்துக்கொண்டு நின்றான். "அம்மா, இவர்கள் இதைப் பார்த்தால் எங்களை என்ன நினைப்பார்கள்?" என்று கேட்டான். அவனுடைய "எங்களை" என்ற சொல்லில் நானும் அப்பாவும் இருந்தோமா என்று தெரியவில்லை. பள்ளிக்கூடத்தில் அவனுக்கு இந்த வரலாற்றைத் தங்கள் வரலாறாகவே படிப்பித்திருக்கிறார்கள். அதை நான் மதிக்கிறேன். செய்தவர்களின் நாடு தன் பிள்ளைகளுக்கு இவ்வளவு நேராகச் சொல்லிக்கொடுப்பதை நான் பிறந்த நாட்டில் கண்டதில்லை.

அன்றிரவு புதிய ஊரின் ஓரத்தில் வாகனத்தை நிறுத்திப் படுத்தோம். இடிபாட்டுக்குப் பக்கத்திலேயே புதிய ஒராதூர் ஒன்றைக் கட்டி 1953இல் திறந்தார்கள். பக்கத்தில் இறந்த ஊரை வைத்துக்கொண்டு வாழ்வது எளிதாக இருக்கவில்லை. புதிய ஊர் பல ஆண்டுகள் விழாவும் ஆட்டபாட்டமும் இன்றித் துக்கம் காத்தது. அந்தத் தெருக்களில் வளர்ந்த பிள்ளைகளின் குழந்தைப் பருவம் முழுவதும் செத்தவீட்டு அமைதி. அதே 1953இல் போர்தோ நீதிமன்றத்தில் குற்றவாளிகளில் இருபத்தொரு பேரை விசாரித்தார்கள். அவர்களில் பதினாலு பேர் பிரான்சின் அல்சாஸ் பகுதிக்காரர்கள், பெரும்பாலும் ஜேர்மனியரால் கட்டாயமாகப் படையில் சேர்க்கப்பட்டவர்கள். தண்டனை அறிவித்த சில நாளிலேயே பிரெஞ்சு நாடாளுமன்றம் அந்தக் கட்டாயப் படையினருக்குப் பொதுமன்னிப்பு வழங்கியது. ஒராதூர் கொதித்தது. மன்னிப்புக்கு வாக்களித்த உறுப்பினர்களின் பெயர்களையெல்லாம் எழுதி இடிபாட்டின் வாசலில் பலகையாக நிறுத்தியது. அந்தப் பலகை பல ஆண்டுகள் அங்கே நின்றது. இப்போது இல்லை.

மாலையில் அப்பா தேத்தண்ணீர்க் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு, "சுவரின் உச்சியைப் பார்த்தாயா?" என்று கேட்டார். நான் பார்க்கவில்லை. மறுநாள் காலை திரும்பவும் போய்ப் பார்த்தேன். சுவர்களின் தலையில் புதுச் சாந்து பூசியிருக்கிறது. மழை இறங்கிக் கல் பெயராமல் இருக்க மேசன்மார் வந்து பூசுகிறார்கள். விட்டுவிட்டால் எண்பது ஆண்டில் எல்லாம் புல் மூடிய மேடாகியிருக்கும். எரிந்ததை எரிந்தபடியே விடுவது என்று நான் அன்று தொலைபேசியில் சொன்ன ஒன்று உலகத்தில் இல்லை. யாராவது ஒருவர் ஒவ்வோர் ஆண்டும் காசு தேடி, ஏணி வைத்து ஏறி, எரிந்ததுபோலவே இருக்கும்படி பார்த்துக்கொள்ள வேண்டும். எங்கள் நூலகத்துக்கு 1985க்குப் பிறகு அப்படி ஏணி வைத்து ஏறப்போகிறவர் யார்? கோட்டைக்கும் நூலகத்துக்கும் நடுவில் அப்போது மனிதர் நடக்கவே முடியாது.

"இங்கே விட்டது சரி," என்றார் அப்பா. "திரும்பி வந்து இந்த வீடுகளில் இருக்க ஆளில்லை." அதற்கு மேல் அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

லூவன்

வீடு திரும்பும் வழியில் கடைசி நிறுத்தம் பெல்ஜியத்தின் லூவன். இதற்காகத்தான் முழுப் பயணமும் என்று இப்போது ஒப்புக்கொள்கிறேன். ஒரு நூலகம் இரண்டு முறை எரிந்த ஊர் அது. 1914 ஆகஸ்ட் 25 இரவு, ஊருக்குள் புகுந்த ஜேர்மன் படை பல்கலைக்கழக நூலகத்துக்குத் தீ வைத்தது. ஏறத்தாழ மூன்று இலட்சம் நூல்கள் போயின என்கிறார்கள். கையெழுத்துச் சுவடிகளும், அச்சு பிறந்த காலத்து நூல்களும் அவற்றில் சேர்த்தி. அந்த நாட்களில் ஊரில் 248 பேர் கொல்லப்பட்டார்கள். போர் முடிந்தபோது வேர்சாய் உடன்படிக்கையில் 247ஆம் பிரிவாக இந்த நூலகத்தை எழுதினார்கள். எரிந்தவற்றுக்கு எண்ணிக்கையிலும் மதிப்பிலும் ஈடான சுவடிகள், நூல்கள், வரைபடங்களை ஜேர்மனி லூவனுக்குக் கொடுக்க வேண்டும் என்பது அந்தப் பிரிவு. நூலை எரித்தவன் நூலாகவே திருப்பித் தரவேண்டும் என்று உலக நாடுகள் கையெழுத்திட்ட ஒரு தாள் இருக்கிறது என்பதை என் வயதுக்கு நான் இப்போதுதான் அறிந்தேன்.

புதிய கட்டடத்தை வேறொரு சதுக்கத்தில் அமெரிக்கப் பள்ளிகளும் கல்லூரிகளும் சேர்த்த பணத்தில் கட்டினார்கள். கொடுத்தவர்களின் பெயர்கள் சுவர்க் கற்களில் வெட்டியிருக்கின்றன. 1928 ஜூலை 4 திறந்தார்கள். கட்டடக் கலைஞர் விட்னி வாரன் முகப்பின் கைப்பிடிச் சுவரில் ஒரு லத்தீன் வரி வைக்க விரும்பினார்: ஜேர்மானிய வெறியால் அழிந்தது, அமெரிக்கக் கொடையால் எழுந்தது என்பது அதன் பொருள். பல்கலைக்கழகத்தின் தலைவர் லாடெஸ் அதை மறுத்தார். வழக்கு, ஊர்வலம், இரவில் சுவரை உடைத்தல் என்று ஆண்டுக்கணக்கில் சண்டை நடந்தது. கடைசியில் எழுத்தில்லாத சுவரே நின்றது. வரி பொறித்த கற்கள் டினான் என்ற ஊருக்குப் போய், 1914இல் 674 பொதுமக்களைப் பறிகொடுத்த அந்த ஊரின் நினைவுச் சின்னத்தில் 1936இல் இடம்பிடித்தன. நாலு ஆண்டில் ஜேர்மன் படை திரும்ப வந்து அதை உடைத்தது. லூவனின் எழுத்தில்லாத நூலகமும் தப்பவில்லை. 1940 மே மாதம் மறுபடி எரிந்தது. இந்த முறை ஒன்பது இலட்சம் நூல்கள். போருக்குப் பின் அதே வரைபடத்தை எடுத்து மூன்றாவது முறையாகத் தொடங்கினார்கள்.

அந்த வெறும் கைப்பிடிச் சுவரைக் கீழே நின்று பார்த்தபோது, லாடெஸ் செய்தது பிழை என்று எனக்குப் பட்டது. இப்போதும் பாதி மனதுக்கு அப்படித்தான் படுகிறது. செய்தவர் யார் என்று கல்லில் இல்லாவிட்டால் நாளைக்குச் செய்யவேயில்லை என்பார்கள். நாங்கள் அதைக் கண்ணால் கண்டவர்கள். ஆனால் என் பக்கத்தில் நின்றவன் என் மகன். தன் இலக்கத் தகட்டுக்கு வெட்கப்பட்டவன். அந்த வரி அங்கே இருந்திருந்தால் அவனுக்கு அதை நான்தான் மொழிபெயர்த்துச் சொல்லியிருக்க வேண்டும்.

உள்ளே போனோம். ஆகஸ்ட் கடைசி, மறுதேர்வுக் காலம். வாசிப்புக் கூடத்தின் வாசலில் நின்றால் ஓக் மர அலமாரிகளும் நீண்ட மேசைகளும் தெரிகின்றன. மேசைகளில் பிள்ளைகள், மடிக்கணினி, தண்ணீர்ப் போத்தல், காதில் பஞ்சு. ஒருத்தி மேசையில் தலை வைத்து நித்திரை. அப்பா அசையாமல் நின்றார். நான் சுவர்களில் எரிந்த அடையாளம் தேடிக்கொண்டிருந்தேன். அவர் நித்திரை கொண்ட பெண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தார். "பரீட்சைக் காலத்தில் எங்களுடையதும் இப்படித்தான் இருக்கும்" என்றார். இறந்தகாலத்தில் சொல்லவில்லை.

இன்னொரு கதையும் அங்கே உண்டு. 1968இல் டச்சு பேசும் பிளெமியருக்கும் பிரெஞ்சு மொழிக்காரருக்கும் இடையிலான தகராறில் அந்தப் பல்கலைக்கழகமே இரண்டாகப் பிரிந்தது. பிரெஞ்சுப் பகுதிக்குத் தனியாக ஒரு புது ஊரைக் கட்டி அனுப்பினார்கள். நூல்களை எப்படிப் பிரிப்பது? பெரும்பகுதியை அலமாரி இலக்கம் பார்த்துப் பிரித்தார்கள். ஒற்றைப்படை லூவனுக்கு, இரட்டைப்படை புதிய ஊருக்கு. இதை மகன் தகவல் பலகையிலிருந்து வாசித்துச் சொன்னதும் அப்பா நிமிர்ந்தார். "அப்படியென்றால் முதல் பாகம் இங்கேயும் இரண்டாம் பாகம் அங்கேயுமா?" என்று உண்மையான பதற்றத்தோடு கேட்டார். ஒரு வாசகனுக்கு வரும் பதற்றம் அது. பெல்ஜியத்தில் அன்று ஓர் அரசே கவிழ்ந்தது. ஆனால் மொழிக்காக மோதிக்கொண்டவர்கள் இலக்கம் எண்ணிக்கொண்டு அலமாரி அலமாரியாக நடந்திருக்கிறார்கள், ஒரு நூலிலும் தீ வைக்காமல். என் தலைமுறைக்கு இதைக் கேட்கும்போது தொண்டை அடைக்கும்.

வாகனத்துக்குத் திரும்பும் வழியில்தான் மகன், "அம்மா, அங்கே மேலே" என்றான். மூன்று வாரமாக உயரப் பலகை வாசித்த கண். ஒரு கடையின் மேல்மாடிச் சுவரில் கையகலக் கல். அதில் எரியும் பந்தம், ஒரு வாள், 1914 என்ற எண். சற்றுத் தள்ளி அடுத்த வீட்டில் இன்னொன்று. பிறகு இன்னொன்று. போரில் எரிந்து பின் கட்டிய வீடுகளுக்கெல்லாம் அந்தக் கல்லைப் பதித்திருக்கிறார்கள். கீழே சப்பாத்து விற்கிறார்கள், ஐஸ்கிரீம் விற்கிறார்கள், மாடியில் குடியிருக்கிறார்கள். வீடு வீடாகவே இருக்கிறது, எரிந்ததும் நெற்றியில் இருக்கிறது. ஒரு மணி நேரம் தெருத்தெருவாக அண்ணாந்து பார்த்துக்கொண்டே நடந்தோம். அப்பா கைத்தடியை ஊன்றி ஒவ்வொன்றையும் எண்ணினார். பதினேழு வரை எண்ணினோம், பிறகு மழை வந்துவிட்டது. 2003இல் நான் கேட்டிருக்க வேண்டியது இதைத்தான். வாசிப்பறையை மறுக்காமல், நுழைகிற பிள்ளைகளின் தலைக்கு மேல் ஒரு சிறிய கல். இப்போதும் கேட்கிறேன்.

அன்று இரவு வாகனக் கூரையில் மழை அடித்துக்கொண்டிருந்தது. சோறும் பருப்பும் சாப்பிட்டு முடித்து நான் பாத்திரம் கழுவும்போது அப்பா தானாகவே தொடங்கினார். நூலகம் எரிந்த கிழமையில், அங்கிருந்து அவர் இரவல் வாங்கிய புத்தகம் ஒன்று வீட்டில் இருந்ததாம். ஓர் இலக்கண உரைநூல். தொண்ணூற்றேழாயிரத்தில் ஒன்று எங்கள் வீட்டு மேசையில் இருந்ததால் தப்பியிருக்கிறது. நாற்பத்து நாலு ஆண்டாக எனக்கு இதைச் சொல்லவில்லை. நான் குழாயை மூடிவிட்டு வந்து அவர் முன்னால் இருந்தேன்.

"அது இப்போது எங்கே அப்பா?"

"84இல் திருத்தித் திறந்தார்கள் அல்லவா? அன்றைக்கே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டேன்."

அடுத்த ஆண்டு அந்தக் கட்டடத்துக்குள் குண்டு வைத்தார்கள் என்பது எங்கள் இருவருக்கும் தெரியும். ஏன் கொடுத்தீர்கள், உங்களிடமே இருந்திருந்தால் பழைய நூலகத்தின் முத்திரையோடு ஒரு புத்தகமாவது இன்று இருந்திருக்குமே என்று கேட்டுவிட்டேன். குரல் 2003இல் போலவே உயர்ந்துவிட்டது. அப்பா கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியால் துடைத்தார்.

"நூலகம் திறந்திருந்தது பிள்ளை. தவணை தவறி மூன்று வருடம் ஆகியிருந்தது."

மேல் படுக்கையில் நித்திரை என்று நாங்கள் நினைத்த மகன் தலையை நீட்டி, தண்டப்பணம் எவ்வளவு கேட்டார்கள் தாத்தா என்றான்.

"கேட்கவில்லை. மேசையில் இருந்தவர் முத்திரையைத் தடவிப் பார்த்தார், மற்றவர்களையும் கூப்பிட்டுக் காட்டினார். அதைக் கொடுத்துவிட்டு நான் வேறொன்று எடுத்துக்கொண்டு வந்தேன்."